ட்ரிப்புக்கு சினானிம் தேடினா "ஸ்டம்பிள்"னு வருது, எத போடறது?

ஏற்காடு அடிவாரம்:

எல்லாருக்கும் வணக்கம், இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க, விஷயம் சின்னதுதான் ஆனா வீட்ல ரெண்டு நாளா இதே பேச்சு. பொண்ணு ஏழாவது படிக்கிறா. "மை ட்ரிப் டு ஏற்காடு"ன்னு பத்து வரி எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க, இவளும் எழுதிட்டா, பத்து வரில ஒம்போது ட்ரிப். மிஸ் நோட்ல "ஒரே வார்த்தைய திரும்பத் திரும்ப போடாத, சினானிம் யூஸ் பண்ணு"ன்னு எழுதி அனுப்பிட்டாங்க. இவ என் போன எடுத்து தேடி, வரிசையா வந்தத மேலேர்ந்து கீழ ஒவ்வொன்னா எடுத்து ட்ரிப் இருந்த எடத்துலெல்லாம் சொருகிட்டா. நான் பாக்கல, நைட் ஷிஃப்ட். மறுநாள் நோட்டு முழுக்க செவப்பு வட்டம்.

எழுதினது என்னன்னா "வி வென்ட் ஆன் எ ஸ்டம்பிள் டு ஏற்காடு". அடுத்த வரி "அவர் வாயேஜ் ஸ்டார்டட் ஃப்ரம் சேலம் பஸ் ஸ்டாண்ட்". அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ல பாதிப் பேரு ஜன்னல் பக்கம் தலைய நீட்டிட்டு வந்தத பாத்தா ஸ்டம்பிள்னு சொன்னாலும் தகும்னு நான் சிரிச்சுட்டேன், அவ அழுதுட்டா. சமாதானத்துக்கு "டிராவல்னு போடு கண்ணு"ன்னேன். "வி வென்ட் ஃபார் எ டிராவல்". அதுக்கும் வட்டம்!

இதுல நேத்து சாயங்காலம் வீட்ல எம்சிபி (லோடு கூடுனா தானா கரண்ட்ட நிறுத்துற சுவிட்ச்) விழுந்துருச்சு, நான் சும்மா இல்லாம "ட்ரிப் ஆயிருச்சு"ன்னு சொல்லிட்டேன். "ஏம்ப்பா, கரண்ட்டு எங்க டூர் போச்சு?"ன்னு கேக்குறா. பதில் இல்ல.

ஒன்னு, ஊருக்குப் போறதுக்கு எந்த வார்த்தைய எங்க போடணும். ரெண்டாவது, ஜாலியா ஊர் சுத்துறதுக்கும் கால் தடுக்கி விழுறதுக்கும் எப்படி ஒரே வார்த்தை வந்துச்சு. யாராச்சும் சொல்லுங்கப்பா.

---

சாக்பீஸ்:

தம்பி, பிள்ளைய திட்டிடாதீங்க, தப்பு அவ மேல இல்ல. முப்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்திருக்கேன், சினானிம்னா "ஒரே அர்த்தம்"னு சொல்லிக் குடுத்த எங்கள மாதிரி ஆளுங்க மேலதான் பாதி தப்பு. பக்கத்து வீட்டுக்காரர்ங்கறதால அவர் வேட்டிய எடுத்து நாம கட்டிக்க முடியுமா, அந்த மாதிரிதான் சினானிமும்.

ட்ரிப்னா போறது, அங்க இருக்குறது, திரும்பி வர்றது எல்லாம் சேந்த மொத்தப் பொட்டலம். ஜர்னின்னா அந்த வழி மட்டும். நீங்க ஏற்காடு போயிட்டு வந்தப்பறம் ஒருத்தர் "ஹௌ வாஸ் யுவர் ட்ரிப்"னு கேட்டா லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், போட்டிங் எல்லாம் சொல்லலாம். "ஹௌ வாஸ் யுவர் ஜர்னி"ன்னு கேட்டா அந்த ஜன்னலோர வாந்தி கதைய மட்டும் சொல்லணும். நமக்கு ரெண்டுக்கும் "பயணம் எப்படி இருந்துச்சு"ங்கற ஒரே கேள்விதான், அதான் குழப்பம்.

டிராவல்ல நீங்களே பிள்ளைய மாட்டி விட்டுருக்கீங்க. அதுக்கு முன்னாடி "எ" வராது, தண்ணி, அரிசி மாதிரி எண்ண முடியாத சொல்லு அது. "ஐ லைக் டிராவல்"னு சொல்லலாம், "வி டிராவல்ட் டு ஏற்காடு"ன்னு வினையா போடலாம், "எ டிராவல்" மட்டும் கெடையாது. நம்மூர்ல ரோட்டுக்கு ரோடு "ட்ராவல்ஸ்"னு போர்டு இருக்கறதால அது எண்ணக்கூடிய சாமான் மாதிரி மனசுல ஒக்காந்துருச்சு.

டூர்னா நாலு எடம் சுத்தி கெளம்பின எடத்துக்கே வந்து சேர்றது. வாயேஜ்னா கப்பல்ல, இல்லன்னா ராக்கெட்ல. 1912ல டைட்டானிக் போனது வாயேஜ், சேலம் டு ஏற்காடு வாயேஜ் இல்ல. எக்ஸ்கர்ஷன்னா ஒரு கும்பல் சேந்து ஒரு நாள் போயிட்டு வர்றது, இது பிள்ளைக்கு அழகா பொருந்தும். அவுட்டிங்னாலும் சரி. எக்ஸ்பெடிஷன் வேணாம், அதுக்கு எவரெஸ்ட் பக்கம் போகணும்.

இன்னொன்னு, அரசியல்வாதிங்க, அதிகாரிங்க மக்கள் காசுல "ஆய்வு"ன்னு போயிட்டு வர்ற டூருக்குன்னே இங்கிலீஷ்ல ஜங்கெட்னு தனி வார்த்தை இருக்கு. பிள்ளை அத எடுத்துப் போடாம இருந்தாளே, அதுவே புண்ணியம்.

---

ஷெட் டு ஷெட்:

அண்ணே நான் இங்கிலீஷ் படிச்சவன் இல்ல, பதினோரு வருஷமா டாக்ஸி ஓட்டுறேன், ஆனா ட்ரிப்ங்கற வார்த்தைய ஒரு நாளைக்கு அம்பது தடவ சொல்லுவேன். டீச்சரம்மா சொன்ன அந்த மொத்தப் பொட்டலம் எங்க ட்ரிப் ஷீட்ட பாத்தாலே தெரியும். வண்டி ஷெட்ட விட்டு கெளம்பறப்ப ஸ்டார்டிங் கிலோமீட்டர், கஸ்டமர ஏத்தின எடம், எறக்குன எடம், டோல், பார்க்கிங், நைட் பேட்டா, மறுபடி ஷெட்டுக்கு வந்து வண்டிய நிப்பாட்டறப்ப க்ளோசிங் கிலோமீட்டர், கீழ கஸ்டமர் கையெழுத்து. அதுக்குப் பேருதான் ஒரு ட்ரிப். கஸ்டமர் "நான் ஏறுன எடத்துலேர்ந்துதானே கணக்கு"ன்னு சண்டைக்கு வருவாரு பாருங்க, அவரு ஜர்னிக்கு காசு குடுக்கப் பாக்குறாரு, ஓனரு ட்ரிப்புக்கு கேக்குறாரு. இத்தன வருஷ சண்டைக்கு இன்னிக்குத்தான் இங்கிலீஷ்ல காரணம் புரிஞ்சுது.

தண்ணி லாரிக்காரங்க, செங்கல் லோடு அடிக்கிறவங்க எல்லாம் "இன்னிக்கு எத்தன ட்ரிப் அடிச்ச"ன்னுதான் கேப்பாங்க. எத்தன ஜர்னி அடிச்சன்னு கேட்டா அடி விழும்.

---

சொல்வேட்டை:

ரெண்டாவது கேள்விக்குத்தான் இவ்ளோ நேரம் காத்துட்டு இருந்தேன், யாரும் தொடல, நானே வர்றேன்.

ட்ரிப்போட ஆரம்பம் பயணமும் இல்ல, விழறதும் இல்ல. ஆட்டம். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது, அங்கயும் பழைய டச்சுப் பக்கத்துலேர்ந்து போனது, அர்த்தம் துள்ளறது, குதிச்சுக் குதிச்சு கால் வைக்கறது. சின்னக் கொழந்தைங்க தெருவுல நடக்காம ஒரு மாதிரி தவ்விக்கிட்டே போவாங்கல்ல, அதான் ட்ரிப். இப்ப அப்படி தவ்விப் போறப்ப கால் எதுலயாச்சும் மாட்டிச்சுன்னா? அதுவும் ட்ரிப். ஒரே காலு, ஒரே அசைவு, அது சரியா வந்தா ஆட்டம், தட்டுச்சுன்னா தடுக்கல். விழுற அர்த்தமும் இப்படி ரொம்பப் பழசு.

பயணங்கற அர்த்தம்தான் கடைசியா வந்த மாப்ள. 17ஆம் நூற்றாண்டு கடைசிலதான் அது வருது, அதுவும் மொதல்ல கப்பல்காரங்க பேச்சுல, பக்கத்துத் துறைமுகம் வரைக்கும் சட்டுனு ஒரு எட்டு போயிட்டு வர்றதுக்கு. இங்க கவனிங்க, நம்மளும் "ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்"னு சொல்றோம், எட்டுன்னாலும் எட்டி வைக்கிற காலுதான். எந்த ஊரா இருந்தாலும் காலத்தான் கணக்கா வச்சுருக்கான் மனுசன்.

இந்த ரெண்டு அர்த்தமும் இன்னும் சண்ட போட்டுக்கிட்டு ஒரே வீட்டுக்குள்ள இருக்குன்னு காட்ட ஒரு ஜோடி இருக்கு. ஒரு பேரு வாய்ல சுலபமா வந்தா "இட் ட்ரிப்ஸ் ஆஃப் த டங்"னு சொல்லுவான், நாக்குலேர்ந்து துள்ளி வருதுன்னு. பேச்சு கொழறுனா "ட்ரிப்பிங் ஓவர் ஹிஸ் வேர்ட்ஸ்". நேரெதிர் அர்த்தம், நடுவுல மாறினது ஒரு குட்டி வார்த்தை.

மத்த வார்த்தைகளையும் தோண்டுனா இதே மாதிரிதான். ஜர்னின்னா ஒரு நாள் தூரம், பிரெஞ்சுல நாளுக்கான சொல்லுலேர்ந்து வந்தது, பொழுது சாயறதுக்குள்ள எவ்ளோ நடக்க முடியுமோ அதான் ஜர்னி. டிராவல் இருக்கே, அது டிராவெய்ல்ங்கற வார்த்தையோட கூடப்பொறப்பு, அதுக்கு அர்த்தம் படாத பாடு, அதோட லத்தீன் மூலம் மூணு கம்பு நட்டு ஆள மாட்டி வதைக்கிற கருவி. தீபாவளிக்கு முந்தின நாள் அன்ரிசர்வ்டுல நின்னு ஊருக்குப் போனவங்களுக்கு வெளக்கமே வேணாம். வாயேஜ்தான் எனக்குப் புடிச்சது, அதோட லத்தீன் வேருக்கு அர்த்தம் வழிக்குக் கட்டிக் குடுக்கற சாப்பாடும் செலவுக் காசும், அதாவது கட்டுச்சோறு. புளியோதரையும் மோர்மொளகாயும் இல்லாம கெளம்பினா அது வாயேஜே இல்லன்னு சொல்லிக்கலாம்.

கடைசியா ஒன்னு. எக்ஸ்பெடிஷன்னா லத்தீன்ல கால்ல இருக்கற தளைய அவுத்து விடறது. இம்பெடிமென்ட்னா காலக் கட்டிப் போடறது. ரெண்டுக்கு நடுவுலயும் ஒக்காந்துருக்கறது அதே காலு, "பெட்". பெடல்ல இருக்கற அதே பெட்.

---

ஜன்னலோரம்:

சூப்பர் ப்ரோ. இதே மாதிரி எரர்னா தப்பு, எரண்ட்னா வேலையா வெளிய போறது, ரெண்டும் ஒன்னுதானே? அலைஞ்சா தப்பு நடக்கும்னு.

---

சொல்வேட்டை:

பாதி சரி. எரர் லத்தீன்ல நெசமாவே "அலையறது"தான், வழி தெரியாம சுத்தறது, அதுலேர்ந்துதான் தப்புங்கற அர்த்தம் வந்துச்சு. ஆனா எரண்ட் வேற வம்சம், பழைய இங்கிலீஷ்ல சேதி, தூதுன்னு அர்த்தம், சேதி கொண்டு போறதுலேர்ந்து வேலையா போறது ஆச்சு. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பங்காளி கூட கெடையாது.

---

பேனல் போர்டு:

பாப்பாவோட கரண்ட் கேள்விக்கு நான் வர்றேன், நம்ம ஏரியா அது.

எம்சிபிய ஒடச்சுப் பாத்துருக்கீங்களா, பழசு கெடச்சா பாருங்க. உள்ள ஒரு ஸ்ப்ரிங் இழுத்துக்கிட்டு நிக்கும், எப்ப விடுவான் ஓடலாம்னு. அத புடிச்சு வச்சுருக்கறது ஒரு குட்டிக் கொக்கி, அவ்ளோதான். லோடு அதிகமாச்சுன்னா பைமெட்டல் பட்டை (ரெண்டு உலோகத்த ஒட்டுன தகடு) சூடாகி மெதுவா வளைஞ்சு கொக்கிய தட்டும். ஷார்ட் ஆச்சுன்னா பக்கத்துல இருக்கற காயில் காந்தமாயி ஒரு முள்ள அடிச்சு கண் இமைக்கறதுக்குள்ள தட்டும். எப்படியோ கொக்கி நழுவும், ஸ்ப்ரிங் பாயும், உள்ள காண்டாக்ட் பிரியும், நாபு கீழ விழும். நிக்கறவன் கால தட்டி விட்டா என்ன ஆகும், அதேதான். அதனால இந்த ட்ரிப் விழற பக்கத்து ட்ரிப், டூர் பக்கத்து ட்ரிப் இல்ல. பாப்பாகிட்ட "கரண்ட்டு டூர் போகல, எம்சிபிக்கு கால் தடுக்கிருச்சு"ன்னு சொல்லுங்க.

கண்ணிவெடிக்கு கட்டுற ட்ரிப்வயரும் இந்தப் பக்கந்தான்.

அப்பறம் அண்ணே, அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னா சும்மா தூக்கி தூக்கி விடாதீங்க, என்ன லோடுன்னு பாருங்க. அதுவும் ஆர்சிசிபி விழுந்தா எங்கயோ கரண்ட் லீக் ஆகுதுன்னு அர்த்தம், வீட்டுக்குப் போடறது 30 மில்லிஆம்பியர் லீக்குக்கே விழுந்துரும், விழுந்ததுக்கு நீங்க நன்றி சொல்லணும்.

---

மஞ்சக் கோடு:

ஃபேக்டரில சேஃப்டி பாக்குறவன், விழற பக்கத்துல ஒரு திருத்தம் வேணும். எங்க ட்ரெயினிங்ல மொத நாளே போடுற தலைப்பு "ஸ்லிப்ஸ், ட்ரிப்ஸ் அண்ட் ஃபால்ஸ்". மூணும் வேற வேற, ரிப்போர்ட்ல மாத்தி எழுதுனா திருப்பி அனுப்பிருவேன்.

ஸ்லிப்னா வழுக்கறது, தரைல எண்ண, தண்ணி, பாசி. பிடிமானம் போயி குதிகால் முன்னாடி ஓடும், ஆளு பின்னாடி சாய்வாரு, இடுப்பும் பின்மண்டையும் அடி வாங்கும். ட்ரிப்னா தடுக்கறது, கேபிள், படி, தூக்கிட்டு நிக்கற டைல்ஸ், மடங்குன கால்மிதி. காலு அங்கயே நின்னுரும், ஒடம்பு முன்னாடி போயிரும், முட்டி, முழங்கை, மூஞ்சி. அடிபட்ட எடத்த பாத்தே பாதி நேரம் ஸ்லிப்பா ட்ரிப்பான்னு சொல்லிரலாம். நாம நடக்கறப்ப கால்விரல் தரைலேர்ந்து எவ்ளோ ஒசரத்துல போகுதுன்னு நெனைக்கிறீங்க, தாழ்வா போற எடத்துல ஒன்னரை சென்டிமீட்டர் வாக்குலதான். அதனாலதான் பெரிய கல்லு யாரையும் தடுக்காது, கண்ணுக்குத் தெரியுது, தாண்டிருவோம். இந்த ஒரு விரல்கட ஒசர டைல்ஸ்தான் ஆள கவுக்கும்.

ஸ்டம்பிள்னா தடுமாறறது, அதுல விழணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு எட்டு தள்ளாடி சமாளிச்சுக்கலாம். டம்பிள்னா உருண்டுட்டாருன்னு அர்த்தம். ஸ்டாகர்னா தள்ளாட்டம், அதுக்கு தடுக்க எதுவும் வேணாம், ஞாயித்துக்கிழம ராத்திரி பாத்துருப்பீங்க.

யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்றோம்ல, அது ஸ்லிப். போன வாரம் ஒருத்தர் ஸ்லைடுல அத ட்ரிப்னு மொழிபெயர்த்துட்டாரு, யானை எதுல போயி தடுக்கும்.

---

தேங்காப்பட்டணம் அக்கா:

மஞ்சக் கோடு தம்பி நல்லா பிரிச்சுட்டீங்க. தமிழ்லயும் இது சும்மா இல்ல. வழுக்குன்னு சொல்றோம், அந்த "வழு"தான் இலக்கணத்துல பிழைக்குப் பேரு. தப்பா பேசுனா வழு, தப்புதான் ஆனா போகட்டும்னு பெரியவங்க ஒத்துக்கிட்டா வழுவமைதி. கம்ப்யூட்டர்ல வர்ற பக்குக்கு கூட தமிழ்ல வழுன்னுதான் போடுறாங்க. தவறுங்கறதும் அப்படித்தான், கால் தவறுனாலும் தவறு, கணக்கு தவறுனாலும் தவறு. பைபிள்ல வர்ற "இடறல்" தெரிஞ்சிருக்கும், அடுத்தவன் நடக்கற பாதைல போட்டு வைக்கற தடை. கிரேக்கத்துல அதுக்கான சொல்லுலேர்ந்துதான் இங்கிலீஷ்ல ஸ்கேண்டல் வந்துருக்கு. இப்ப பேப்பர்ல தெனம் வர்ற ஸ்கேண்டல எல்லாம் ஒரு கல்லுன்னு நெனச்சுப் பாருங்க, சிரிப்பா இருக்கும்.

"ட்ரிப் சம்படி அப்"னு இங்கிலீஷ்ல சொல்றதுக்கு நம்மகிட்ட சொக்கத்தங்கம் மாதிரி ஒன்னு இருக்கு: காலை வாரி விடறது. ஆனா அத "புல்லிங் லெக்"னு போட்டுராதீங்க, அது சும்மா கலாய்க்கறது. என் கொழுந்தன் ஆபீஸ்ல தன் காலை வாரி விட்டவன பத்தி மேனேஜருக்கு மெயில்ல "ஹி புல்ட் மை லெக்"னு எழுதி, மேனேஜர் "சரி விளையாட்டா எடுத்துக்கோங்க"ன்னு பதில் போட்டாராம்.

சினானிம் வேட்டைக்கும் ஒரு வார்த்தை. ஒரு பொருளுக்குப் பல பேரு, ஒரு பேருக்குப் பல பொருள்னு ரெண்டையும் நம்ம நிகண்டுகள்ல, அதாவது பழங்காலத்து அகராதிகள்ல, தனித்தனியாதான் வச்சிருப்பாங்க, "ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி"ன்னு தனிப் பகுதியே உண்டு. போன்ல ரெண்டையும் ஒரே சட்டில போட்டு கொட்டுது, பிள்ளை என்ன பண்ணும். இனிமே லிஸ்டுக்கு மேல "நவுன்", "வெர்ப்"னு சின்னதா போட்டுருக்கும், அத மொதல்ல பாக்கச் சொல்லுங்க. நவுன் பக்கத்துலயும் ஸ்டம்பிள் வரும், அப்ப அந்த வார்த்தைய வச்சு யாராச்சும் எழுதுன ஒரு முழு வாக்கியத்த படிச்சுட்டு எடுக்கணும்.

---

ஏற்காடு அடிவாரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு வந்து சொல்லுவீங்கன்னு நெனைக்கல. ராத்திரி ஒக்காந்து ரெண்டு பேரும் திருப்பி எழுதுனோம். "வி வென்ட் ஆன் அன் எக்ஸ்கர்ஷன் டு ஏற்காடு"ன்னு ஆரம்பம், "த பஸ் ஜர்னி வாஸ் டெரிபிள்"னு ரெண்டாவது வரி, பகோடா பாயிண்ட்ல தம்பி கல்லு தடுக்கி விழுந்ததுக்கு "மை பிரதர் ட்ரிப்ட் ஓவர் எ ஸ்டோன்"னு வேணும்னே ஒன்னு சொருகிருக்கா. மிச்சம் ரெண்டு எடத்துல ட்ரிப்பையே விட்டுட்டோம், எல்லாத்தையும் மாத்தணும்னு என்ன கட்டாயம். இன்னிக்கு மிஸ் டிக் போட்டுட்டாங்க, வட்டம் ஒன்னே ஒன்னு, அது ஸ்பெல்லிங்.

ஆனா கேள்வி முடியல. "பாட்டிக்கு ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்துனாங்களே, அது எந்தப் பக்கத்து ட்ரிப்பு?"

---

சாக்பீஸ்:

தம்பி அது இந்த ட்ரிப்பே இல்ல, டாக்டர்ல மொதல்ல வர்ற "டி"ல ஆரம்பிக்கற ட்ரிப். சொட்டுச் சொட்டா எறங்கறது. நாம தமிழ்ல எழுதறப்ப ரெண்டும் ஒன்னா தெரியுது, அவ்ளோதான். இங்கிலீஷ்காரங்க அதுக்கு "எஸ்" கூட போடறதில்ல, அது நம்ம ஆஸ்பத்திரி போட்ட வால்.

---

ஷெட் டு ஷெட்:

அக்கா ஒரு சந்தேகம், ட்ரிப்புக்கு சுத்தத் தமிழ்ல என்ன? பயணம் வடமொழின்னு ஒருத்தரு வண்டில ஏறி சண்ட புடிச்சாரு.

---

தேங்காப்பட்டணம் அக்கா:

"செலவு"ங்க தம்பி. செல்லுதல்லேர்ந்து வந்தது, சங்கப் பாட்டுல தலைவன் பொருள் தேடக் கெளம்பறதுக்குப் பேரே செலவுதான். கெளம்பறேன்னுட்டு அவள விட்டுப் போக மனசில்லாம தயங்கி நிக்கறதுக்கு செலவழுங்குதல்னு தனித் துறையே, அதாவது பாட்டுல ஒரு தனிப் பிரிவே உண்டு.

---

ஷெட் டு ஷெட்:

அய்யோ அக்கா, அப்ப எங்க ட்ரிப் ஷீட்டுக்கு செலவுச் சீட்டுன்னு பேரு வச்சா ரெண்டு அர்த்தத்துலயும் பக்காவா இருக்குமே. ஓனர்கிட்ட நாளைக்கே சொல்லிப் பாக்குறேன், பேட்டாவ கொறைக்காம இருந்தா சரி.